தீர்ப்பில் எழுதப்படாத தண்டனை

சிராங்கூன் சாலை என்றவுடன் மல்லிகைச் சரமும், மளிகைக் கடையும், வீரமாகாளியம்மன் கோயிலின் மணியோசையும் நினைவுக்கு வருதல் இயல்பு. அச்சாலைக்கு வேறொரு பழைமையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அதன் ஓரத்தே அரசாங்கச் செங்கற்சூளைகள் புகைந்துகொண்டிருந்தன. அங்கே களிமண் மிதித்தவரும் செங்கல் அறுத்தவரும் கூலிக்கு வந்தவர் அல்லர். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1862-இல் திருநிலைப்படுத்தப்பெற்ற புனித ஆண்ட்ரூ பேராலயமும், ஆளுநர் மாளிகையாக 1869-இல் கட்டிமுடிக்கப்பெற்று இன்று இஸ்தானா என வழங்கும் மனையும் அவர்தம் கைவண்ணமே. அச்சூளையின் செங்கற்கள் 1867-இல் ஆக்ராக் கண்காட்சியில் பதக்கம் பெற்றன. செங்கல்லுக்குப் பதக்கம் கிடைத்தது. அறுத்தவனின் பெயர் எவர்க்கும் தெரியாது.

1824-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி பென்கூலன் டச்சுக்காரர் கைக்கு மாறவே, அங்கிருந்த இந்தியக் கைதிகள் 1825-இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பெற்றனர். முதலில் வந்தவர் சென்னை மாகாணத்தார். அடுத்து வந்தவர் வங்காளத்தார். பின்னர்ப் பல்லாண்டுக் காலம் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தனர். பிராஸ் பாசாவில் அவர்கட்கெனச் சிறை எழுந்தது. சிறையும் சாலையும் சூளையும் அவர்தம் உலகம். கிணற்று நீரே குடிநீர். நகரத்திற்குக் குழாய்நீர் வரப் பல்லாண்டு இருந்தது.

ஈண்டு எழுவது ஓர் அறவினா. நீதிபதி ஒருவனுக்கு ஏழாண்டு என்று எழுதுகின்றார். அல்லது ஆயுள் என்று எழுதுகின்றார். காய்ச்சல் என்று எந்த நீதிபதியும் எழுதுவதில்லை. ஆயினும் சிறைக்குள் ஒருவன் காய்ச்சலால் மாண்டால், அம்மரணம் யாருடைய செயல்? இயற்கையின் செயலா, அவனது ஊழா, அவனைப் பூட்டிவைத்தவரின் செயலா?

முதலில் கூறப்படும் மறுமொழி அறியாமை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. குடற்காய்ச்சலாகிய டைபாய்டும், பேனால் பரவும் டைபஸ் காய்ச்சலும் வெவ்வேறானவை என்பதை வில்லியம் ஜென்னர் தெளிவாக நிறுவியதே 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். நோயாளியின் மலம் கலந்த நீர்வழியே டைபாய்டு பரவுகின்றது என்று வாதாடிய வில்லியம் பட் என்னும் ஆங்கில மருத்துவர் தம் நூலை வெளியிட்டது 1873-இல். அதற்குரிய நுண்ணுயிரை எபெர்த் 1880-இல் கண்டார். காஃப்கி 1884-இல் அதனைத் தனித்து வளர்த்துக் காட்டினார். அதற்கு முன் நோய் பலவும் ‘காய்ச்சல்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கின. ஆகவே, அறியாத ஒன்றுக்கு எவ்வாறு பொறுப்பேற்பது என்று வினவலாம்.

ஆயின் காரணத்தை அறியாமை வேறு. கேட்டினை அறியாமை வேறு. அடைத்துவைத்த சிறை காய்ச்சலை விளைக்கும் என்பது நுண்ணுயிர் காணப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே தெரிந்த செய்தி. இங்கிலாந்தில் அதற்குச் ‘சிறைக்காய்ச்சல்’ என்றே பெயர் வழங்கிற்று. பெரும்பாலும் அது டைபஸ். சிறைச்சுவர்க்குச் சுண்ணாம்படிக்கவும் காற்றோட்டம் அமைக்கவும் அந்நாட்டுப் பாராளுமன்றம் 1774-இல் சட்டம் இயற்றிற்று. ஜான் ஹோவர்டு சிறைதோறும் நடந்து, கண்டதை 1777-இல் நூலாக்கினார். எனவே சிங்கப்பூரில் முதற் கைதி கரையிறங்கிய நாளில், கப்பலனுப்பிய அரசுக்கு இவ்வுண்மை ஐம்பதாண்டுப் பழைமையுடையது. அன்றியும், அறியாமை பழியைக் கழுவிவிடுமா என்பதே ஐயத்திற்குரியது. கோவலன் கள்வன் அல்லன் என்பது பாண்டியன் நெடுஞ்செழியனுக்குத் தெரியாது. தெரிந்த கணத்தில் அவன் அறியாமையைச் சான்றாகக் காட்டித் தப்பவில்லை. அரியணையிலிருந்து வீழ்ந்து மாண்டான். அத்துணைக் கடுமையை எந்த அரசாங்கத்திடமும் எதிர்பார்க்க இயலாதுதான்.

இரண்டாம் மறுமொழி இன்னும் வலுவுடையது. வெளியிலிருந்தவர் மட்டும் நலமாக இருந்தனரோ? தோட்டத்துக் கூலியாளும் அதே மண்ணில் அதே மழைக்காலத்தில் அழுக்கு நீரையே குடித்தான். சிறைக்கைதிக்கு வேளைக்கு உணவும் வைத்தியரும் உண்டு. கூலியாளுக்கு அதுவும் உறுதியில்லை. உழைத்துண்ணும் ஏழையின் குடிசையைக் காட்டிலும் சிறை வாய்ப்பாக அமைந்துவிடலாகாது என்னும் எண்ணம் அக்கால ஆட்சியாளரிடம் வேரூன்றியிருந்தது. 1834-இல் இயற்றப்பெற்ற ஆங்கில ஏழையர் சட்டத்தின் அடிப்படையும் அதுவே.

இவ்வாதம் ஒன்றை மறந்துவிடுகின்றது. கூலியாள் அடுத்த கிணற்றுக்குப் போகலாம். காய்ச்சல்காரன் பக்கத்தில் படுக்க மறுக்கலாம். அந்த உரிமை எத்துணைச் சிறிதாயினும் அவனுடையது. கைதியிடம் அதனைப் பறித்தவர் பூட்டுப் போட்டவர். பறித்த கையே பொறுப்பையும் ஏற்றாக வேண்டும். சேரமான் கணைக்காலிரும்பொறை குடவாயிற் கோட்டத்துச் சிறையிற் கிடந்து தண்ணீர் வேண்டியபோது, காவலர் காலந்தாழ்த்தித் தந்தனர் என்பதும், அந்நீரை அவன் பருகாமலே உயிர் துறந்தான் என்பதும் புறநானூறு கற்பிக்கும் ஆசிரியர் அனைவரும் அறிந்தவை. அவ்வரலாற்றை மானத்திற்குச் சான்றாகவே வகுப்பறைகளில் எடுத்துரைக்கின்றனர். அதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. நீர் என்பது கைதி இரந்து பெறுவதா, காவலன் கொடுக்கக் கடமைப்பட்டதா? மன்னனுக்கு அந்நீரை மறுக்கும் ஆற்றலேனும் இருந்தது. களிமண்ணும் வெயிலுமாக உழைத்துத் திரும்பியவன் கொடுத்த நீரைக் குடித்தே தீரவேண்டும்.

சிங்கப்பூர்ச் சிறையை மட்டும் பழித்தல் நடுவுநிலைமை ஆகாது. கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்து, நன்னடத்தையுடையோர் விலங்கின்றி நகருக்குள் நடமாடவும், கைதிகளே கைதிகட்குக் காவலராகவும் வகைசெய்த முறை அந்நாளில் பிறநாட்டார் வியந்ததொன்று. அச்சிறையை மேற்பார்த்த மக்நேர், பேலிஸ் என்பாருடன் சேர்ந்து 1899-இல் வெளியிட்ட நூலுக்கு அந்த முறையையே தலைப்பாகவும் இட்டார். ஆயின் அந்நூலிலும் நோய்களும் பொய்நோய்களும் ஒரே தலைப்பின்கீழ் வைத்துப் பேசப்படுகின்றன. வெளியில் ஒருவன் வைத்தியரை நாடினால் ‘என்ன செய்கிறது?’ என்பதே முதற்கேள்வி. சிறையில் ‘மெய்தானா?’ என்பது முந்திக்கொள்கின்றது. வேலைக்கு அஞ்சி நோயாளியாக நடித்தவரும் இருந்திருப்பர், அதனை மறுப்பதற்கில்லை. எனினும் டைபாய்டு மெல்ல ஏறும் காய்ச்சல். முதல் சில நாளில் தலைவலி, சோர்வு, பசியின்மை என்பனவன்றி வேறு குறியின்றி வரக்கூடும். ஐயமே முறையாகிவிட்ட இடத்தில் அச்சில நாள் சூளையிலேயே கழியும்.

மூன்றாவதாக ஒரு மறுமொழி உண்டு. எவரும் அதனை உரக்கச் சொல்வதில்லை: குற்றவாளிக்கு அது வேண்டியதுதானே என்பது. தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாறு இதற்கு விடை கூறும். டிரான்ஸ்வாலில் பதிவுச் சட்டத்தை எதிர்த்த சாமி நாகப்பன் என்னும் பதினெட்டு வயது இளைஞருக்கு 1909 ஜூனில் விதிக்கப்பெற்றது பத்து நாள் கடுங்காவல். அது அந்நாட்டுக் குளிர்காலம். விடியலிலேயே சாலைவேலைக்கு நடத்திச் செல்லப்பட்ட அவர், விடுதலையான சின்னாளில், ஜூலை 6 அன்று நிமோனியாவால் மாண்டார். தில்லையாடி வள்ளியம்மைக்கு 1913 இறுதியில் மூன்று மாதம். மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து கொடுங்காய்ச்சலுடன் வெளிவந்த அவர், 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறாம் வயதில் மறைந்தார். ஜொகானஸ்பர்க் பிராம்ஃபொன்டீன் இடுகாட்டில் இருவர்க்கும் நினைவுக்கல் உண்டு. அப்போது அறியாமை என்று சொல்வதற்கும் இடமில்லை. டைபாய்டுக்குத் தடுப்பூசியே 1896-இல் வந்துவிட்டது.

இவர்கள் குற்றவாளிகள் அல்லர், போராளிகள், ஆகவே சூளைக்கைதியோடு ஒப்பிடல் தகாது என்று ஒருவர் கூறலாம். அக்கூற்றை ஏற்றால், குற்றவாளியாயின் அவ்வாறு சாகலாம் என்பதையும் ஏற்றதாகிவிடும். பத்து நாள் என்று எழுதிய கை மரணம் என்று எழுதவில்லை. கொலைக்குற்றத்திற்கு ஆயுள் என்று எழுதிய கையும் அவ்வாறே. தீர்ப்பின் எல்லை இருவர்க்கும் ஒன்று. மணிமேகலை புகார்ச் சிறைக்கோட்டத்துள் புகுந்தபோது, உள்ளிருந்தவருள் யார் குற்றமுடையவர், யார் அற்றவர் என்று பிரித்துக் கேளாமலே அமுதசுரபியைச் சாய்த்தாள்.

சிங்கப்பூருக்கு நல்ல நீர் வேண்டித் தான் கிம் செங் என்னும் வணிகர் 1857-இல் 13,000 வெள்ளி அளித்தார். திட்டம் நெடுங்காலம் இழுபட்டது. நீர்த்தேக்கம் 1860-களின் இறுதியில் உருவாயிற்று. குழாய்வழி நீர் நகரத்தை அடைந்தது 1878-இல். பிராஸ் பாசாச் சிறையில் விடுதலை பெறாதிருந்த இந்தியக் கைதிகள் அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1873-இல், அந்தமானுக்குக் கப்பலேற்றப்பட்டிருந்தனர்.