பாலியல் தொழில்: பாவம், குற்றம், சம்மதம்

வயது வந்த பெண் தன் விருப்பத்தின் பேரில் தனியாகப் பாலியல் தொழில் செய்வது இந்தியாவில் குற்றமில்லை. 1956-இல் பிறந்து, 1986-இல் திருத்தப்பட்டு, செய்தித்தாள்களில் ‘விபச்சாரத் தடுப்புச் சட்டம்’ என்று வழங்கிவரும் சட்டம் அந்தத் தொழிலைச் சுற்றியுள்ளவற்றையே தண்டிக்கிறது. விடுதி நடத்துவது, ஆள் பிடித்துத் தருவது, பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைப்பது, கோயில், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் செய்வது எல்லாம் குற்றம். நெருக்கமான இந்திய நகரமொன்றில் அந்த 200 மீட்டரைத் தாண்டிய இடத்தைக் கண்டுபிடிப்பதே அரிது.

சட்டத்தின் நான்காம் பிரிவைச் சற்று நின்று படிக்க வேண்டும். இன்னொருவர் இத்தொழிலில் ஈட்டும் வருமானம் என்று தெரிந்தே அதில் வாழும் 18 வயது கடந்த எவருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. தரகரை மனத்தில் வைத்து எழுதிய பிரிவுதான். ஆனால் அம்மாவின் பணத்தில் கல்லூரிக் கட்டணம் கட்டும் பத்தொன்பது வயது மகனும், மருந்து வாங்கும் பாட்டியும் அதன் சொற்களுக்குள் அகப்படுகிறார்கள்.

ஒரு செயல் பாவம் என்பதாலேயே அதைக் குற்றமாக்க வேண்டுமா என்பது பழைய கேள்வி. பரத்தையரை அகற்றினால் காமம் ஊரையே குலைக்கும் என்று கிறித்தவ இறையியலாளர் புனித அகுஸ்தீன் எழுதினார். பின்வந்த இறையியலாளர் தோமா அக்குவினாரும் அதை எடுத்தாண்டு, மனிதச் சட்டம் எல்லாத் தீமைகளையும் தடுக்க வேண்டியதில்லை என்றார். இருவரும் அச்செயலைப் பாவமென்றே கருதியவர்கள். ஆனால் ஊரின் அமைதிக்கு விலையாக வைக்கப்பட்ட பெண்ணைப் பற்றிய கேள்வி அந்த வாதத்தில் எழவே இல்லை.

அந்தக் குறையைத் தத்துவஞானி காண்ட் வேறு வழியில் தொட்டார். மனிதர் தமக்குத்தாமே உடைமை அல்லர். ஆகவே தம் உடலை இன்னொருவரின் இன்பப் பொருளாக விற்க அவர்களுக்கே உரிமையில்லை என்பது அவர் நிலை. பிறருக்குத் தீங்கில்லாத வரை தன் உடல்மேல் தனக்கே அதிகாரம் என்ற ஆங்கிலத் தத்துவஞானி மில், தரகருக்கும் அந்தச் சுதந்திரம் உண்டா என்ற இடத்தில் தயங்கினார். பெண்களை மட்டும் கட்டாய நோய்ப் பரிசோதனைக்கு இழுத்த பிரிட்டிஷ் சட்டங்களை அவர் 1871-இல் விசாரணை ஆணையத்தின் முன் எதிர்த்தார். நோயைக் கொண்டுவரும் ஆண்களை விட்டுவிட்டுப் பெண்ணைப் பிடிப்பது அநீதி என்ற அந்த வாதம் இன்றும் பழையதாகவில்லை.

சிக்கலெல்லாம் சம்மதத்தில்தான் இருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தில் மணிமேகலையைக் கணிகையர் குலத்தொழிலுக்குத் திரும்பச் சொல்லிப் பாட்டி சித்திராபதி நெருக்குகிறாள். அரசகுமாரன் உதயகுமாரன் விடாமல் பின்தொடர்கிறான். மணிமேகலையால் மறுக்க முடிந்ததற்கு அவளுடைய மன உறுதி மட்டும் காரணமில்லை. தாய் மாதவி முன்பே அந்த வாழ்க்கையை விட்டிருந்தாள். பௌத்த சங்கம் அடைக்கலம் தந்தது. போக வேறிடம் இருப்பவள் சொல்லும் ‘சரி’யும் இல்லாதவள் சொல்லும் ‘சரி’யும் ஒன்றாகா. அதற்காக, ஏழைப் பெண்ணின் சம்மதம் சம்மதமே இல்லை என்று தீர்ப்பெழுதுவதும் தவறு. செங்கல் சூளைக்கு வறுமையால் போகிறவளின் கூலி ஒப்பந்தத்தை யாரும் செல்லாதென்று சொல்வதில்லை.

நாடுகள் மூன்று வழியில் போயிருக்கின்றன. சுவீடன் 1999 முதல் வாங்குபவரைத் தண்டிக்கிறது, விற்பவரை விட்டுவிடுகிறது. ஜெர்மனி 2002-இல் இதைத் தொழிலாக ஏற்று, 2017-இல் பதிவைக் கட்டாயமாக்கியது. நியூசிலாந்து 2003-இல் குற்றப் பட்டியலிலிருந்தே நீக்கியது. தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. மிகவும் பலவீனமானவர் வெளியே நிற்பது அங்கும் மாறவில்லை.

இந்தியாவிலோ, கொல்கத்தாவில் 1999-இல் பாலியல் தொழிலாளி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். குற்றவாளியின் மேல்முறையீட்டை 2011-இல் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், இப்பெண்களின் வாழ்வு பற்றிய பொதுநல வழக்காக அதைத் தொடர்ந்தது. அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் கண்ணியமான வாழ்வு இவர்களுக்கும் உரியது என்று 2022 மே மாதம் அது கூறியது. முகவரிச் சான்று இல்லாவிட்டாலும் ஆதார் அட்டை வழங்கவும் உத்தரவிட்டது.

பெண்ணைத் தண்டிக்க எந்த நெறியிலும் நியாயம் கிடையாது. தரகரையும் சிறுமிகளைக் கடத்துபவரையும் தண்டிக்கும் பிரிவுகள் இருக்கட்டும். மகனையும் பாட்டியையும் குற்றவாளியாக்கும் நான்காம் பிரிவின் வாசகத்தை நாடாளுமன்றம் திருத்த வேண்டும்.