நரையும் நட்பும்

"பேரன் எடுத்துவிட்டவளுக்கு இதெல்லாம் தேவைதானா, தம்பி?"

கேட்டவர் என்னோடு பணியாற்றும் மூத்த ஆசிரியர். நல்லவர், பிறர் மனம் நோகப் பேசி அறியாதவர். விடுமுறை நாளொன்றில், என் அறையில் இருவருமாக அமர்ந்து ஒரு கிரேக்கத் திரைப்படத்தைக் கண்டு முடித்த வேளையில் எழுந்த கேள்வி அது. "தேவைதான் ஐயா" என்று சொல்லிவிட என் நா துடித்தது. ஆனால் துணிவு வரவில்லை. வயதில் இளையவன், மணமாகாதவன், வாழ்வின் வெயிலில் இன்னும் வதங்காதவன் சொல்லும் விடைக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? ஆகவே அன்று வாய் மூடினேன். இன்று எழுதுகிறேன்.

கிரேக்கம்! அப்பெயரைக் கேட்ட அளவில் நஞ்சுக் கோப்பை ஏந்திய சாக்ரடீஸ் நினைவுக்கு வருவார். அலெக்சாண்டர் வருவான். ஒடிந்து நிற்கும் பளிங்குத் தூண்கள் வரும். பேரங்காடியின் வாயிலில், கையிலே பையும் நெஞ்சிலே கணக்குமாக, எதை வாங்கலாம் எதை விட்டுவிடலாம் என்று எண்ணி நிற்கும் இல்லத்தரசி ஒருத்தி நம் நினைவுக்கு வருவதில்லை. அவளும் கிரேக்கந்தானே!

அவள் பெயர் மரியா. 2015ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த, 'வேறோர் உலகம்' என்று பொருள்படும் பெயர் கொண்ட படத்தின் தலைவி. கிறிஸ்டோஃபர் பாப்பகலியாட்டிஸ் எழுதி, இயக்கி, தாமும் நடித்த படம். அதில் மூன்று காதல்கள். மகள் ஒரு சிரிய நாட்டு அகதி இளைஞனை விரும்புகிறாள். மகன், ஆட்குறைப்புச் செய்ய வந்த ஸ்வீடன் நாட்டுப் பெண் அதிகாரியோடு நெருங்குகிறான். மூன்றாவது காதல் தாயினுடையது. மூவரும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்த உறவினர் என்பதைப் பிற்பகுதியில்தான் நமக்குத் தெரியவிடுகிறார் இயக்குநர். மூன்றிலும் என்னைப் பிடித்து நிறுத்தியது தாயின் கதையே.

செபாஸ்டியன் என்ற ஜெர்மானியர், வரலாற்றறிஞர். பணியின் பொருட்டு ஏதென்ஸில் தங்கியிருப்பவர். அவருக்குக் கிரேக்க மொழி வராது. அவளுக்கு ஆங்கிலம் அரைகுறை. பேரங்காடியிலே சந்திக்கிறார்கள். அடுத்த கிழமையும் சந்திக்கிறார்கள். பிறகு அந்த ஒரு நாளுக்காகவே மற்ற ஆறு நாள்களும் நகர்கின்றன. சொல் கிடைக்காத இடத்தில் கை பேசுகிறது; கையும் தோற்றால் சிரிப்பு பேசுகிறது. அவ்வளவுதான் கதை! ஜே.கே. சிம்மன்ஸும் மரியா கவோயியான்னியும் அந்த 'அவ்வளவுதான்' என்பதற்குள் அடக்கிக் காட்டியிருக்கும் வாழ்வு பெரிது. யாரேனும் ஒருவர் தன்னைப் பார்த்து, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டு எத்தனை ஆண்டுகளாயிற்று என்பதை, கேள்வியைக் கேட்டதும் திகைக்கும் அவள் முகம் சொல்லிவிடுகிறது.

வீட்டிலே தனியாகவா இருந்தாள்? இல்லை. கணவன் உண்டு, மக்கள் உண்டு. ஆளில்லாத வீட்டின் தனிமை ஒருவகை. ஆள் நிறைந்த வீட்டின் தனிமை வேறு வகை. முன்னதற்கு அண்டை வீட்டார் இரங்குவர். பின்னதை யாரும் தனிமை என்று ஒப்புக்கொள்வதே இல்லை. "உனக்கென்ன குறை?" என்று கேட்டே அவள் வாயை அடைத்துவிடுவர்.

அந்த வீட்டின் நிலையையும் கருதவேண்டும். கிரேக்க நாடு 2010இல் கடன் கொடுத்தோரின் கட்டளைக்கு ஆட்பட்டது. ஓய்வூதியம் குறைந்தது, கூலி குறைந்தது. 2013இல் வேலை தேடுவோரில் நூற்றுக்கு 27 பேர் வேலையற்று நின்றனர். 2015 ஜூன் இறுதியில் வங்கிகளே மூடப்பட்டு, நாளொன்றுக்கு 60 யூரோவுக்கு மேல் எடுக்கலாகாது என்ற நிலை வந்தது. மரியாவின் கணவன் அந்தோனிஸ் இந்த வீழ்ச்சியில் நொடித்துப்போன வணிகன். தன் வறுமைக்குக் காரணம் யார் என்று தேடியவனுக்கு, கடல் கடந்து உயிர் பிழைக்க வந்த ஏழை அகதிதான் கண்ணில் பட்டான்! அயலாரை இரவில் தேடித் தாக்கும் கூட்டத்தோடு சேருகிறான். கற்பனை என்று தள்ள முடியாது. 'பொன் விடியல்' என்று பெயர் சூட்டிக்கொண்ட இனவெறிக் கட்சி 2012இல் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தது. அது ஒரு குற்றக் கும்பல் என்று ஏதென்ஸ் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரே வீட்டில் இரண்டு மறைவுகள். மனைவி மறைத்தது, கிழமைக்கு ஒருமுறை ஒருவரோடு பேசிச் சிரித்ததை. கணவன் மறைத்தது, மனிதனை மனிதன் அடித்து வீழ்த்தும் இரவுகளை. ஊரார் முன் இரண்டையும் வைத்தால் முதலில் எதன்மீது கல் விழும்? என் நண்பராகிய மூத்த ஆசிரியரின் கேள்வியே விடை. "அவனுக்கு இதெல்லாம் தேவைதானா?" என்று அந்தோனிஸைப் பற்றி அவர் கேட்கவில்லையே!

சட்டம் மரியாவை எப்படி நடத்தியது என்பதும் எண்ணத்தக்கது. கிரேக்கப் பெண்டிர் முழு வாக்குரிமை பெற்றது 1952இல். பிறன்மனை நாடுதல் சிறைக்குரிய குற்றமாக இருந்தது நீங்கியது 1982இல். கணவனே குடும்பத் தலைவன் என்ற விதி ஒழிந்து, சீதனமும் சட்டத்தினின்று நீக்கப்பட்டது 1983இல். மரியாவின் மகனுக்கே ஒரு பிள்ளை இருக்கிறது. ஆகவே அவள் மணம் புரிந்தது இந்த மாற்றங்களுக்கு முன்பாகத்தான் இருக்க வேண்டும். தலைவன் ஒருவனுக்குக் கீழே என்று சட்டமே எழுதியிருந்த நாளில் அவ்வீட்டுக்குள் நுழைந்தவள். பின்னர் சட்டம் கையை விட்டது, பழக்கம் விடவில்லை.

செபாஸ்டியன் அவளுக்கு ஈரோஸ், சைக்கீ கதையைச் சொல்கிறார். அவள் நாட்டுக் கதையை அயலார் வந்து அவளுக்குச் சொல்ல நேர்ந்தது! இரண்டாம் நூற்றாண்டில் அபுலேயுஸ் லத்தீனில் எழுதிவைத்த கதை. சைக்கீ என்றால் உயிர் என்று பொருள். அவளுக்கு வாய்த்த கணவன் இருளில் மட்டுமே வருவான். முகத்தைப் பார்க்கலாகாது என்பது கட்டளை. ஒருநாள் விளக்கேற்றிப் பார்த்துவிட்டாள். அதற்காக அவள் பட்ட பாடு கொஞ்சமன்று. அறிய விரும்பியதா குற்றம்? அருகிலே கிடப்பவன் யார் என்று பார்க்க விரும்பியதா பாவம்? மரியாவும் முகம் தெரியாத ஒருவனோடுதான் வாழ்ந்திருக்கிறாள். அவன் இரவுகளை அவள் அறியாள். அவள் பகல்களை அவன் அறியான்.

இன்னொரு கிரேக்கப் படத்தை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். தியோ ஆஞ்செலோபூலோஸ் 1986இல் அளித்த 'தேனீ வளர்ப்பவன்'. அதன் தலைவன் ஸ்பீரோஸ் பள்ளி ஆசிரியன் (எங்கள் இனம்!). மகளின் திருமணம் முடிந்ததும் வேலையைத் துறக்கிறான், மனைவியைப் பிரிகிறான், தேன் கூடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பூக்கள் மலரும் திசை நோக்கிப் புறப்படுகிறான். வழியில் சேரும் இளம்பெண்ணிடம் மனம் சிக்குகிறது. முடிவில் கூடுகளைக் கவிழ்த்துத் தேனீக்களின் கொட்டுதலுக்குத் தன்னையே ஒப்புக்கொடுக்கிறான். மார்ச்செல்லோ மாஸ்திரோயான்னி நடித்த அந்தத் தனிமையைக் கண்டோர், ஆழ்ந்த துயரம் என்று போற்றினர். ஆண் வீட்டையே விட்டுப் போனால் அது ஆன்மாவின் வேதனை. பெண் ஒருமணி நேரம் கடைத்தெருவில் நின்றால் அது வயதுக்கு ஒவ்வாத செயல்! எந்தத் தராசில் நிறுத்த நீதி இது?

ஆயினும் மறுதரப்பையும் சொல்லவேண்டும். மரியா மறைத்தாளே, அது சரியா? ஒருவனோடு வாழ்ந்துகொண்டே மற்றொருவனிடம் மனத்தை வைப்பது நேர்மையா? மறைவு குற்றமில்லை என்று நான் சொல்லமாட்டேன். வாய்மை பெண்ணுக்கும் பொது. அவள் நேரே நின்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் கேட்கும் செவி அவ்வீட்டில் இருந்ததா? செவி இருந்த வீட்டில் பொய் சொன்னவளையும், செவியே இல்லாத வீட்டில் வாய் மூடியவளையும் ஒரே குற்றக்கூண்டில் ஏற்ற என் மனம் ஒப்பவில்லை. அவள்மீது குறை உண்டு. அதைவிடப் பெரிய குறை அந்த வீட்டின்மீது.

படத்தின்மீதும் எனக்கொரு குறை உண்டு. அறிவு ஜெர்மனியிலிருந்து வரவேண்டும், அன்பும் அங்கிருந்தே வரவேண்டும் என்று அமைத்தது ஏன்? கடன் கொடுத்த நாடுகளுள் முன்நின்றதும் அதே ஜெர்மனியல்லவா? நிக்கோஸ் லாபோட் 2018இல் எடுத்த 'அவளுடைய வேலை' படத்தில் பனயியோத்தா என்ற இல்லத்தரசி, எழுத்தறிவு குறைந்தவள், வணிக வளாகத்தில் துப்புரவுப் பணிக்குச் செல்கிறாள். அவளை எழுப்ப எந்தக் காதலனும் வரவில்லை. கூலியும், உடன் உழைப்போரின் தோழமையுமே எழுப்புகின்றன. அது இன்னும் நேரான பாதை என்று எனக்குப் படுகிறது. ஆனால் துடைப்பத்தைப் பிடித்த கைக்கும் பற்றிக்கொள்ள இன்னொரு கை வேண்டாமா என்று மரியா கேட்டால், பனயியோத்தாவின் கதையில் அதற்கு விடை இல்லை.

சென்ற கிழமை மூத்த ஆசிரியரிடம் ஸ்பீரோஸின் கதையைச் சொன்னேன். "பாவம், அவனுக்கு என்ன வேதனையோ!" என்றார். சொல்லிவிட்டுச் சட்டென்று என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, "அந்த அம்மாள் கதையை இன்னொருமுறை போடுங்கள் தம்பி. வீட்டிலும் அழைத்து வருகிறேன்" என்றார்.