மாலையைக் கழற்றிய மறுநாள்



கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு, 41 நாள் ஒரு சொட்டு மதுகூடத் தொடாமல் இருந்த ஒருவரை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விடியற்காலைக் குளியல், நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையச் சரணம். வீட்டில் அந்த ஒரு மண்டலம் சண்டை இல்லை. மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றுகிறார். மறுநாள் சாயங்காலம் பழைய கடை வாசலில் நிற்கிறார். உடனே நாம், "எல்லாம் வேஷம்" என்று சொல்லிவிடுகிறோம். நான் சொல்ல மாட்டேன். அந்த 41 நாளும் சத்தியம். எப்படி முடிந்தது என்று அவரிடம் யாராவது கேட்டோமா?

அவருக்குக் குருசாமி இருந்தார். சாயங்காலமானால் பஜனை. கூட விரதம் இருந்தவர்கள் "வாங்க சாமி" என்று கூப்பிட்டார்கள். மாலையோடு அந்தக் கூட்டத்தையும் கழற்றி வைத்துவிட்டார். அப்புறம் ஏழு மணிக்கு எங்கே போவார்?

இதே கேள்வியோடு நின்ற இன்னொருவரைச் சொல்கிறேன். 1935ஆம் ஆண்டு, மே மாதம். அமெரிக்காவில் ஆக்ரன் என்று ஓர் ஊர். பில் வில்சன் என்ற பங்குத் தரகர் நியூயார்க்கிலிருந்து தொழில் விஷயமாக அங்கே வந்திருக்கிறார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகின்றன. வந்த காரியம் கெட்டுப் போயிற்று. தங்கிய ஹோட்டலின் முன்கூடத்தில் நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் டெலிபோன். டெலிபோன் பக்கம் போனார். தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டு, குடியால் தவிக்கிற ஒருவரோடு நான் பேச வேண்டும் என்று கேட்டார். தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொரு குடிநோயாளியைத் தேடியிருக்கிறார், பாருங்கள்!

கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித், அறுவை மருத்துவர். கால் மணி நேரம்தான் தருவேன் என்று வந்தவர், ஆறு மணி நேரம் உட்கார்ந்து பேசினார். புத்திமதி அவர் நிறையக் கேட்டிருந்தார். தன் கதையையே சொல்கிற ஒருவரை அன்றுதான் பார்த்தார். இடையில் ஒருமுறை சறுக்கினார். பிறகு நிறுத்தியவர் சாகும்வரை தொடவில்லை. அவர் கடைசியாகக் குடித்ததாகச் சொல்லப்படும் நாளாகிய 1935 ஜூன் 10ஐத்தான், குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பு தொடங்கிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். நம் ஊரில் ஏ.ஏ. கூட்டம் என்கிறோம்.

அந்த வழியில் 12 படிகள் உண்டு. நம் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் என்ற சைவ சித்தாந்த நூலிலும் 12 சூத்திரங்கள். எண் ஒத்துப்போனது தற்செயல், அதில் ரகசியம் தேட வேண்டாம். ஆனால் இரண்டின் கடைசியையும் பாருங்கள். பன்னிரண்டாம் படி, விடுபட்டவன் இன்னும் தவிக்கிறவனிடம் போகச் சொல்கிறது. பன்னிரண்டாம் சூத்திரம், உயிரின் அழுக்காகிய மலத்தைக் கழுவிய பிறகும் அடியாரோடு கூடியிருக்கச் சொல்கிறது. பிறகும்! கூட்டம் தொடக்கக்காரனுக்கு மட்டும் என்றுதானே நாம் நினைத்தோம்? ஞானம் அடைந்தவனுக்கே துணை வேண்டும் என்றால், நேற்று விட்டவர் தனியாக எப்படி நிற்பார்?

ஏ.ஏ. கூட்டத்தில் என்ன நடக்கும் என்ற பயம் பலருக்கு. பெரும்பாலும் சர்ச் வளாகத்திலோ பள்ளிக்கூட அறையிலோ நடக்கும். சர்ச் என்றதும் மதம் மாற்றிவிடுவார்களோ என்று பதற வேண்டாம். இடம் கிடைப்பதால் அங்கே கூடுகிறார்கள். கடவுளை அவரவர் புரிந்துகொண்டபடி என்றுதான் அந்தப் படிகளே சொல்கின்றன. முருகன் உங்களோடு வரலாம். கட்டணம் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. "நான் ஒரு குடிநோயாளி" என்று ஒவ்வொருவராகப் பேசுவார்கள், குறுக்கே யாரும் புத்தி சொல்ல மாட்டார்கள். உங்களுக்குப் பேச வரவில்லையா, சும்மா இருந்து கேளுங்கள். ஒரு குழு ஒத்துவராவிட்டால் இன்னொன்றுக்குப் போங்கள். சறுக்கினாலும் போங்கள், அன்றுதான் முக்கியமாகப் போக வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, சித்தக் குழப்பம் வரலாம்; உயிருக்கே ஆபத்தாகலாம். கோயிலில் கயிறு கட்டி வீட்டில் பூட்டி வைப்பது பக்தி ஆகாது. முதலில் டாக்டர். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். சென்னையில், குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. சிகிச்சை முடிந்த பிறகு கூட்டம்.

தாய்மார்களே, உங்கள் கணவர் வர மறுத்தால் நீங்கள் காத்திருக்க வேண்டாம். பில் வில்சனின் மனைவி லோயிஸ், குடும்பத்தாருக்காக 1951இல் தோழி ஒருவரோடு சேர்ந்து அல்-அனான் அமைப்பைத் தொடங்கினார். கணவர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அங்கே நீங்கள் போகலாம். பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். அந்தச் சத்தியம் உடையும்போது, பிள்ளை தன்னால்தான் அப்பா குடிக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறது.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. காசில்லாமல் பேசலாம். இன்று இரவே பேசுங்கள்.