வேருக்குத் தெரியாத நல்லெண்ணம்

கடலோர ஊர்களில் வீட்டுக்குள் வளரும் டிரசீனா செத்துப்போனால், தாகத்தைவிடத் தண்ணீரே பெரும்பாலும் காரணமாக இருக்கும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஐப்பசி, கார்த்திகையில் காற்றே நனைந்து கிடக்கும்போது இலை வழியாக நீர் ஆவியாவது குறைகிறது. செடி குடிப்பதும் குறைகிறது. வெயில் படாத கூடத்து மூலையில் தொட்டி மண் காய்வதற்குப் பல நாட்கள் பிடிக்கின்றன. மண்துகள்களுக்கு நடுவே காற்று இருக்கவேண்டிய இடத்தைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சுத் திணறுகிறது, பிறகு அழுகுகிறது. கொடுமை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது; ஆகவே ஈரத்தில் நின்றுகொண்டே இலைகள் துவண்டு மஞ்சளாகின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு அது தாகமாகவே தெரிகிறது. மனம் பதறி இன்னும் ஒரு செம்பு ஊற்றுகிறார். அவர் அன்பில் ஒரு குறையும் இல்லை. செடியைக் கொன்றதும் அந்த அன்புதான். நல்லெண்ணத்தோடு செய்தது நற்செயல் ஆகிவிடுமா என்ற பழைய கேள்வி இங்கே ஒரு தொட்டிக்குள் வந்து நிற்கிறது.

நம் சமய மரபு இக்கேள்விக்குத் தந்த புகழ்பெற்ற விடை கண்ணப்பர். பெரியபுராணத்தில் திண்ணனார் என்ற இயற்பெயருடைய அவர் வாயில் நீரை முகந்துவந்து காளத்திநாதர்மேல் உமிழ்ந்தார். இறைச்சியைச் சுவைத்துப் பார்த்துப் படைத்தார். ஆகம நெறிப்படி எல்லாமே பிழை. அங்கே ஆகமப்படி பூசை செய்துவந்த சிவகோசரியார் துடித்துப்போனார், இறைவனோ உவந்து ஏற்றார். ஏற்க முடிந்ததற்குக் காரணம் உண்டு: இறைவனுக்கு அந்த நீரும் உணவும் தேவையில்லை. தேவையே இல்லாதவருக்குக் கொடுக்கும்போது பொருளின் தகுதி உதிர்ந்து, கொடுப்பவர் மனம் மட்டுமே மிஞ்சுகிறது. செடிக்கோ தேவை உண்டு, அதுவும் அளவோடு. தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்றது. அந்த ஓரறிவு தொடுவுணர்வு. அப்படியானால் நம்மிடமிருந்து செடியிடம் போய்ச் சேர்வது அதைத் தொடுகிறவை மட்டுமே: நீர், மண், ஒளி, காற்று. ஊற்றுகிறவரின் மனநிலைக்கு அங்கே வழி இல்லை. பக்தியில் செல்லுபடியாகும் விதியை உயிரைப் பேணுவதற்கும் அப்படியே எடுத்துவருவது தவறு என்பதே என் வாதம்.

நீரின் அளவு மட்டுமல்ல, தன்மையும் இதையே சொல்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அங்குள்ள மக்களின் பற்களும் எலும்புகளும் பட்ட பாடுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு வழிவகுத்தது. டிரசீனாவும் ஃபுளோரைடைத் தாங்காத செடி. நீரோடு ஏறும் ஃபுளோரைடு இலை நுனியில் போய்த் தங்குகிறது. நுனி பழுப்பாகிக் கருகுகிறது. ஊற்றும் நீரை மாற்றி மழைநீரைத் தராதவரை, எத்தனை கனிவோடு ஊற்றினாலும் கருகல் நிற்காது. ‘லக்கி பேம்பூ’ என்று விற்கப்படுவதும் மூங்கில் அல்ல, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த டிரசீனா இனம்தான். செல்வம் சேரும் என்று கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வைக்கிறார்கள். வெப்பமான ஊரில் அந்தத் தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இட்ட முட்டை ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். 2001-இல் ஆசியாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குத் தண்ணீரோடு கப்பலில் போன இதே செடிகளோடு ஆசியப் புலிக்கொசுவும் போய் இறங்கியது. குவளையை வைத்தவர் நன்மையை வேண்டித்தான் வைத்தார். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டெங்கு வருவதை அந்த வேண்டுதல் தடுக்காது.

செடிக்கு வலி தெரியாது, அதனிடம் நமக்கென்ன கடமை என்று கேட்கலாம். நரம்பு மண்டலம் இல்லாத உயிருக்கு நம்மைப் போல வலிக்கும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் கடமை வலியிலிருந்து மட்டும் பிறப்பதில்லை, அதிகாரத்திலிருந்தும் பிறக்கிறது. ஆப்பிரிக்கக் காட்டில் மர நிழலில் வளரும் டிரசீனா தன் வேரை வேண்டிய பக்கம் ஓட்டிக்கொள்ளும். மிகுந்த மழை கீழே இறங்கிப் போகும். தொட்டியிலோ, நாம் விட்ட துளை ஒன்றுதான் வழி. அதன் அடித்தட்டில் நீரைத் தேங்கவிட்டால் அந்த வழியும் அடைபடும். அதன் உலகம் முழுவதையும் நாமே அமைத்துவிட்டுப் பொறுப்பில்லை என்பது நியாயமாகாது. இன்னொரு மறுப்பு கிளிமஞ்சாரோ மலைச்சரிவிலிருந்து வருகிறது. அங்குள்ள சாகா மக்களுக்கு டிரசீனா புனிதமானது. வீட்டெல்லையிலும் முன்னோர் கல்லறையிலும் நடுகிறார்கள், மன்னிப்புக் கேட்பவர் அதன் இலையைக் கொடுத்துக் கேட்கிறார். இங்கே செடி எண்ணத்தைச் சுமக்கிறதே? சுமக்கிறது, மனிதரிடமிருந்து மனிதருக்கு. இலையைப் பெற்றுக்கொள்பவர் எண்ணத்தைப் படிக்கத் தெரிந்தவர். வேலியில் நிற்கும் செடியை வாழவைப்பது மலை மழையும் நீர் தேங்காத எரிமலை மண்ணும்தான்.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு, இப்படிப் பேசினால் அன்பு வெறும் கைத்திறனாகச் சுருங்கிவிடும் என்பது. அன்பில்லாதவர் செடியைத் திரும்பியே பார்க்கமாட்டார், அது உண்மை. ஆனால் அன்பு உண்மையானதா என்பதற்குச் சான்று, கண்முன் நடப்பதைப் பார்த்துத் தன் செயலை அது திருத்திக்கொள்கிறதா என்பதே. கண்ணப்பரையே மறுபடி பாருங்கள். இறைவன் கண்ணில் குருதி கண்டதும் அவர் காட்டுக்குள் ஓடிப் பச்சிலை தேடிவந்து பிழிந்தார். குருதி நிற்கவில்லை. அன்போடு பிழிந்தேன், அது போதும் என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. அந்த மருந்தை விட்டு வேறு மருந்தை யோசித்தார், தன் கண்ணையே இடந்து அப்பினார். இரண்டாவது கண்ணையும் இடக்கப்போனபோது இறைவன் கை நீட்டித் தடுத்தார். செடிக்கு அப்படித் தடுக்கக் கை கிடையாது. ஊற்றப் போகும் நீரை நிறுத்துவதும் ஊற்றுபவர் வேலையாகிவிடுகிறது. அதற்கு இரண்டு அங்குலம் விரலை மண்ணுக்குள் விட்டு ஈரம் பார்க்கவேண்டும். இருந்தால் அன்று ஊற்றாமல் விட்டு, நாலு நாள் கழித்து மறுபடியும் பார்க்கவேண்டும்.