இரவல் முகங்கள்

நடிகன் பொய் சொல்கிறானா என்ற கேள்வி பழையது. பிளேட்டோ காலத்திலிருந்தே கேட்டாகிவிட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: எந்த முகத்தை அணியலாம், எதை அணியக் கூடாது என்று நடிகனுக்கு விதிப்பது யார்? ரமோன் நவாரோவின் திரை வாழ்க்கையை நான் இந்தக் கேள்வியோடுதான் பார்க்கிறேன்.

1899-ல் மெக்ஸிகோவின் துராங்கோ நகரில் ஒரு பல் வைத்தியரின் மகனாகப் பிறந்தவர். இயற்பெயர் ஹோஸே ரமோன் ஹில் ஸமானியேகோ. மெக்ஸிகோப் புரட்சியின் கொந்தளிப்பில் லாஸ் ஏஞ்சலீஸுக்கு வந்து, பாடிக்கொண்டே பரிமாறும் ஹோட்டல் வேலையும் துணை நடிப்புமாகக் காலம் தள்ளினார். 1922-ல் டைரக்டர் ரெக்ஸ் இங்க்ராம் அவரை 'தி ப்ரிஸனர் ஆஃப் ஸெண்டா'வில் போட்டார். விரைவிலேயே பெயரும் நவாரோ ஆயிற்று. பிறகு வந்தவை: 1923-ல் 'ஸ்கேரமூஷ்' படத்தின் பிரெஞ்சுக்காரன், 1924-ல் அரபி, 1925-ல் யூதனான பென்ஹர், 1927-ல் ஜெர்மன் இளவரசன், 1929-ல் தென்கடல் தீவுவாசி, 1931-ல் ஒரு இந்தியன், அதே ஆண்டில் கார்போவுடன் 'மாத்தா ஹரி'யில் ருஷ்ய அதிகாரி, 1932-ல் சீனன், 1934-ல் நவஹோ பழங்குடி. இந்தப் பட்டியலில் விடுபட்ட முகம் எதுவென்று சொல்லத் தேவையில்லை.

அந்த முகம் அமெரிக்கத் திரையில் இல்லாமல் இல்லை. 'க்ரீஸர்' – எண்ணெய்ப் பிசுக்கன் – என்ற வசையை 1908-லேயே க்ரிஃபித் தன் படமொன்றின் தலைப்பில் வைத்தார். கத்தி, குடி, துரோகம் என்றே மெக்ஸிகோக்காரன் அறிமுகமானான். நவாரோ மேலே வந்த அதே 1922-ல், இப்படிப் படமெடுக்கும் கம்பெனிகளின் படங்களையே தடைசெய்யும் நிலைக்கு மெக்ஸிகோ அரசு தள்ளப்பட்டது.

இங்கு இரண்டு சுலபமான முடிவுகள் காத்திருக்கின்றன. இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. ஒன்று, நவாரோ தன் சுயத்தை விற்றுவிட்டார் என்பது. தன்னிலிருந்து வெளியேறிப் பிறனாவதுதான் நடிப்பு. பிறந்த ஊரையும் குலத்தையும் மட்டுமே ஒருவன் நடிக்கலாம் என்றால் கலை, ஜனத்தொகைக் கணக்கெடுப்பாகிவிடும். இன்னொன்று, கலைக்கு எல்லை இல்லை, இந்தப் பட்டியலே அவருடைய வெற்றி என்பது. இது கேட்க உயர்வாக இருக்கிறது, உண்மையில்லை. 1933-ல் வந்த 'தி பார்பேரியன்' படத்தில் அவர் அரபி. மிர்னா லாய் நடித்த நாயகியை அவன் அடைவதற்கு முன், அவளுடைய தாய் எகிப்தியப் பெண் என்று தெரியவைக்கிறார்கள். எல்லை இல்லை என்று சொன்ன இடத்திலேயே காவல் சாவடி நிற்கிறது. அவர் வெள்ளையரல்லாத யாராகவும் ஆகலாம்; ஆனபின் அந்த வேஷத்துக்குரிய தண்டனையையும் சுமக்கவேண்டும்.

திரைக்கு வெளியிலும் ஒரு வேஷம் இருந்தது. ஸ்டூடியோ அவரைப் பெண்களின் கனவுக் காதலனாக விற்றது. அவரோ ஆண்களை நேசித்தவர், ஆழ்ந்த கத்தோலிக்கரும்கூட. பென்ஹரின் உடையை மாலையில் கழற்றிவிடலாம். இந்த உடையைக் கழற்ற ஒப்பனை அறை எங்கும் இல்லை. கலையில் அணியும் முகமூடிக்கும் ஒடுக்குமுறை அணிவிக்கும் முகமூடிக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இங்கேதான் தெளிவாகிறது. முன்னது திரும்பி வரும் வழியைத் திறந்து வைக்கிறது. பின்னது அந்த வழியை அடைத்துவிட்டு, உள்ளே இருப்பவனின் திறமையைப் பாராட்டுகிறது.

அப்படியானால் சொந்த மண்ணுக்குத் திரும்பினால் சொந்த முகம் கிடைத்துவிடுமா? 1935-ல் எம்.ஜி.எம். ஒப்பந்தம் முடிந்தது. 1942-ல் மெக்ஸிகோவில் ஹூலியோ பிராச்சோ எடுத்த படத்தில் நவாரோ, குவாதலூப்பே மாதாவின் காட்சி கிடைத்த பழங்குடி ஏழை ஹுவான் தியேகோவாக நடித்தார். கடைசியில் மெக்ஸிகோக்காரன் மெக்ஸிகோக்காரனாக வந்தான் என்று மகிழத் தோன்றும். ஆனால் துராங்கோவின் வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் அந்த நாவா விவசாயிக்கும் இடையிலுள்ள தூரம், அவருக்கும் பென்ஹருக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. தேசமும் ஒரு ஒப்பனைதான். அங்கும் ஒருவனின் முகத்தை இன்னொருவன் இரவல் வாங்கித்தான் நிற்கிறான். கொடுத்தவனை யாரும் கேட்கவில்லை.

எனவே 'சொந்த முகம்' என்ற தூய பொருளைத் தேடுவதை நான் விட்டுவிடுகிறேன். கேட்கவேண்டியது இதுதான்: இரவல் வாங்கியவனால் திருப்பித்தர முடிந்ததா? இரவல் கொடுத்தவனுக்கும் மற்றவன் முகத்தை அணிய அதே உரிமை இருந்ததா? நவாரோ விஷயத்தில் இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். 1968 அக்டோபர் 30 அன்று, பணத்தைத் தேடி வந்த இரு சகோதரர்களால் அவர் தன் வீட்டில் கொல்லப்பட்டார். அவர் மறைத்து வாழ்ந்ததெல்லாம் கொலை வழக்கின் செய்தியாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதைப் பிறகு வதந்தியாக்கியும் விற்றார்கள். தன் முகத்தைத் தானே காட்டும் சந்தர்ப்பம் கடைசிவரை அவருக்குத் தரப்படவில்லை.

பிறர் குரலில் எழுதுகிற எவரும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. பிறர் குரலை எடுப்பது குற்றமல்ல. எடுத்தபின் அவர்கள் பேச வாய் மிச்சமிருக்கிறதா என்று திரும்பிப் பார்க்காமலிருப்பதுதான் குற்றம்.