ஜாடிக்குள் நாளை
அமெரிக்காவில் பைப் பிடிப்பவர்களில் ஒரு சாரார் புகையிலையை மேசன் எனப்படும் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, மூடியில் தேதி ஒட்டி, நிலவறை அலமாரியில் வருடக்கணக்கில் வைக்கிறார்கள். 2018-ல் கன்சாஸ் சிட்டியின் மெக்லெலண்ட் புகையிலை நிறுவனம் மூடப்போவதாக அறிவித்ததும் அதன் டப்பாக்களை அள்ளிக்கொண்டு போனார்கள். மறுவிற்பனை விலை எகிறியது. லூக்கா நற்செய்தி 12-ஆம் அதிகாரத்தில், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வந்தனைக் கடவுள் மதிகேடன் என்கிறார். அன்றிரவே அவன் உயிர் போகவிருந்தது. இவர்களும் அந்த ரகம்தானா?

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. சர்க்கரை மிகுந்த வர்ஜீனியா இலை மூடிய ஜாடிக்குள் மெல்லப் பக்குவப்பட்டு, நிறம் கறுத்து, காட்டம் தணிகிறது. இங்கே காத்திருப்பும் தயாரிப்பின் ஒரு பகுதி, ஊறுகாய்க்கு வெயில் போல. ஆனால் புகைமூட்டம் போட்டு வாட்டிய லட்டாக்கியா இலை, வருடம் போகப் போக மணம் மங்கும். அதையும் அதே வேகத்தில் அடுக்குகிறவருக்குச் சுவை ஒரு சாக்கு. விலை ஏறும், வரத்து நின்றுவிடும் என்பார்கள். நியாயமான பயம்தான், கையிருப்பு ஆயுளுக்குள் அடங்கும்வரை. எழுபது வயதில் இன்னும் நாற்பது வருடத்துக்கு வாங்கி வைப்பவர், புகையிலையோடு சேர்த்து அந்த நாற்பது வருடத்தையும் வாங்கிவிட்டதாக நம்புகிறார். அதுவும், ஆயுளைக் குறைக்கும் பண்டத்தைக் கொண்டு.