ஐந்தாவது வட்டம்

எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு பேர் ஒரே மாதிரித்தாளை வைத்துக்கொண்டு பயிற்சி செய்வார்கள். ஒருத்தி என் மகள். இன்னொருவன் என் தங்கை மகன். தங்கையை நகரியில் கட்டிக்கொடுத்தோம். திருத்தணியில் பஸ் ஏறினால் அரை மணி நேரம்தான், ஆனால் ஆந்திரா. பையன் என்னைப் ‘பெத்தம்மா’ என்று கூப்பிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரசியலமைப்புத் திருத்தம் பற்றிய கேள்வி ஒன்று வந்தது. இருவருக்குமே விடை தெரியவில்லை. மகள் இங்கி பிங்கி பாங்கி போட்டு ‘சி’யைக் கறுப்பாக்கினாள். பையன் கொஞ்ச நேரம் கேள்வியை முறைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டான். ஒரே வீட்டுச் சாப்பாடு, ஒரே அறியாமை. கை மட்டும் வேறு வேறாக நடந்துகொண்டது.

காரணம் சாதாரணம். அவள் எழுதப்போவது டிஎன்பிஎஸ்சி. அங்கே தப்பான விடைக்குப் பிடித்தம் இல்லை. அவன் எழுதப்போவது ஏபிபிஎஸ்சி. அங்கே ஒவ்வொரு தப்புக்கும் அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எங்கள் ஊர் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. போன்றவர்கள் எல்லைக்காகப் போராடி, 1960 ஏப்ரல் 1 அன்று இந்தப் பக்கம் வந்தது. நான் பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்பு. கோடு வேறு மாதிரி விழுந்திருந்தால் என் மகளும் அன்றைக்குப் பேனாவை எடுத்திருக்க மாட்டாள். அவளைத் துணிச்சல்காரி என்றும், அவனை அடக்கமானவன் என்றும் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். அந்தக் குணங்களில் எத்தனை பங்கு பிறவியிலே வந்தது, எத்தனை பங்கு எல்லைக்கல் கொடுத்தது என்று நான் யோசித்திருக்கிறேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். நெகட்டிவ் மார்க்கைப் பிள்ளைகள் ஏதோ நரக தண்டனை போலப் பேசும்போது சிரிப்பு வரும். டில்லிக்காரர்களின் சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். பொது அறிவுத் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண். சரியானால் 2, தப்பானால் 0.66 பிடித்தம், தொடாமல் விட்டால் ஒன்றுமில்லை. நான்கு கேள்விகளைக் குருட்டாம்போக்கில் அடித்தால் சராசரியாக ஒன்று சரியாகும், 2 வரும். மூன்று தப்பாகும், மூன்றுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட அதே 2 போகும். மிச்சம் பூஜ்யம். சும்மா இருந்தவனும் குருட்டடி அடித்தவனும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். இதில் தண்டனை எங்கே இருக்கிறது? அதிர்ஷ்டம் கொடுத்த கைமாற்றைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். நான்கில் ஒன்று நிச்சயமாக இல்லை என்று தெரிந்து, மிச்ச மூன்றில் ஒன்றை அடிப்பவனுக்கு லாபம்கூட உண்டு. அரைகுறை அறிவுக்கும் கூலி கொடுக்கும் ஏற்பாடு அது.

நம் குரூப் 4 தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண். ஒன்றுமே தெரியாத ஒருவர் இருநூறையும் அடித்தால் சராசரியாக ஐம்பது சரியாகி 75 மதிப்பெண் கையில் விழும். எல்லோருக்கும்தானே விழுகிறது என்பார்கள். எல்லோருக்கும் ஒரே அளவில் விழாது. ஒருத்தருக்கு நாற்பது சரியாகும், இன்னொருத்தருக்கு அறுபது. ஒரே ஒரு கேள்வியின் ஒன்றரை மதிப்பெண்ணில் வேலையைத் தவறவிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ஒருநாள் தங்கை மகன் கேட்டான்: “பெத்தம்மா, சாமியும் இப்படித்தான் மைனஸ் போடுவாரா?”

விளையாட்டாகத்தான் கேட்டான். எனக்கு அந்தக் கேள்வி ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊரில் பலரும் சாமியை அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். வருஷம் முழுக்கச் செய்ததை ஆடிக் கிருத்திகைக் காவடியில் கழித்துவிடலாம் என்று. கந்துவட்டியில் வந்ததில் ஒரு பங்கை உண்டியலில் போட்டால் கணக்கு நேராகிவிடும் என்று. அதாவது சரி, தப்பு இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதி, கழித்து, மிச்சத்தைப் பார்ப்பது. மைனஸ் போடும் தேர்வாணையங்கள் செய்வது அதைத்தான்.

என் அப்பா சைவ சித்தாந்தம் படித்தவர். அவர் சொல்லிக்கொடுத்தது வேறு. புண்ணியம் பாவத்தைக் கழிக்காது. நல்வினையின் பலனையும் அனுபவிக்க வேண்டும், தீவினையின் பலனையும் அனுபவிக்க வேண்டும், தனித்தனியாக. ஒன்று பொன்விலங்கு, மற்றது இரும்புவிலங்கு. காலுக்கு இரண்டும் விலங்குதான். இருவினையொப்பு என்பதைப் பலர் வரவும் செலவும் சமமாவது என்று நினைக்கிறார்கள். அப்பா விளக்கியபடி, இரண்டின் பலனையும் ஒன்றுபோலப் பார்க்கும் மனநிலை அது. கூட்டல் கழித்தல் அல்ல. கணக்கு டீச்சரான எனக்கு இது ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. கழிக்க முடியாத கணக்கு என்ன கணக்கு? இப்போது இதுதான் நியாயமாகத் தெரிகிறது. நான் ஒரு பிள்ளையைக் காரணமில்லாமல் அடித்திருந்தால், இன்னொரு பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியதால் அந்த அடி இல்லாமல் போய்விடுமா?

அப்பா கைகாட்டிய இன்னொன்று மலையிலேயே இருக்கிறது. பிரணவத்துக்குப் பொருள் கேட்ட முருகனுக்குப் பிரம்மாவால் சொல்ல முடியவில்லை. குட்டு விழுந்தது, சிறை கிடைத்தது, படைக்கும் தொழிலும் போனது. அவர் திருத்தணிக்கு வந்து வழிபட்டுத் தொழிலைத் திரும்பப் பெற்ற இடம் பிரம்ம சுனை என்று தலபுராணம் சொல்கிறது. தெரியாததற்கா இவ்வளவு தண்டனை என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அப்பா சொன்னார்: “கதையை முன்னாலிருந்து படி. கைலாசத்துக்குப் போகிற வழியில் இந்தப் பொடியனுக்கு என்ன வணக்கம் என்று கண்டுகொள்ளாமல் போனாரே, கணக்கு அங்கே ஆரம்பிக்கிறது.” அறியாமைக்கு விழுந்த குட்டு அல்ல அது. எல்லாம் தெரிந்த நடைக்கு விழுந்தது. சித்தாந்தத்தில் ஆணவம் என்ற சொல் கர்வத்தை மட்டும் குறிப்பதில்லை. அறிவை மறைக்கிற இருளுக்கே அதுதான் பெயர். இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதை நான் ஐம்பது வயதுக்கு மேல்தான் கவனித்தேன்.

இந்த ஊருக்கே செருத்தணி என்று பெயர். சண்டை முடிந்து கோபம் தணிந்த இடம். கந்த சஷ்டிக்கு இங்கே சூரசம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலிதான். அதனால் இங்கே தண்டனையைப் பற்றி யோசிப்பதே கொஞ்சம் பொருத்தமில்லாத வேலையோ என்னவோ.

விடைத்தாளைத் திருத்தும் கருவிக்கு ஆணவமும் தெரியாது, அடக்கமும் தெரியாது. ஊகித்த தப்பு, உறுதியாக நம்பிய தப்பு, கை தவறி அடித்த தப்பு, மூன்றுக்கும் ஒரே விலை. எங்கள் ஊரில் பிறந்த ராதாகிருஷ்ணனின் தலைமையில் 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, ஒரே ஒரு சீர்திருத்தம் செய்ய முடியுமென்றால் அது தேர்வு முறையில்தான் இருக்க வேண்டும் என்றது. புறவயத் தேர்வுகளின் பக்கம் கைகாட்டியதும் அதே குழு. வினைப்பயனைச் சீட்டாட்டத்தோடு ஒப்பிட்டவர் அவர்: கைக்கு வரும் சீட்டு நம் விருப்பமில்லை, ஆடுவது நம் பாடு. வட்டங்களின் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் அந்தச் சீட்டுதான் நினைவுக்கு வரும்.

நம் டிஎன்பிஎஸ்சி தாளில் 2020 முதல் ஐந்தாவது வட்டம் ஒன்று இருக்கிறது. ‘ஈ’: விடை தெரியவில்லை. 2019 குரூப் 4 முறைகேட்டில், மறையும் மையால் எழுதிய விடைகளைப் பின்னால் மாற்றியது வெளிவந்த பிறகு வந்த ஏற்பாடு. எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடக் கூடாது. தெரியாவிட்டால் ‘ஈ’யைக் கறுப்பாக்கு. ஆரம்ப வருஷங்களில், கடைசியில் ஏ எத்தனை, பி எத்தனை, ஈ எத்தனை என்று எண்ணியும் எழுத வேண்டியிருந்தது. விடை தப்பானால் பிடித்தம் இல்லை, எண்ணிக்கை தப்பானால் இருந்தது! ஆக ‘தெரியாது’ என்பது அங்கே ஒரு பூட்டு. திருடன் வராமலிருக்கப் போட்டது. உண்மையைச் சொன்னவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. பக்கத்து வட்டத்தில் பொய்யாக அடித்தவருக்கு நான்கில் ஒரு வாய்ப்பு.

2022 ஜூலை 24 குரூப் 4க்கு நான் அறைக் கண்காணிப்பாளர். பன்னிரண்டே காலுக்கு, கடைசி வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். கைக்குழந்தையை வெளியே மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவள். காலையிலிருந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேடம், ஈ போட்டா பூஜ்யம்தானே?”

விதிப்படி நான் வாயைத் திறக்கக் கூடாது. கேள்வித்தாளில் குறிப்புகள் இருந்த பக்கத்தை விரலால் காட்டினேன். அவள் அதைப் படிக்கவில்லை. என் முகத்தைப் படித்தாள். பிறகு வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு ‘பி’களைக் கறுப்பாக்கினாள். ஒரு கேள்விக்கு வந்ததும் நிறுத்தினாள். அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள், உதட்டைக் கடித்தாள், ‘ஈ’யை அடித்தாள். எந்தக் கேள்வி என்று எட்டிப்பார்க்க எனக்கு ஆசைதான். மணி அடித்துவிட்டது. கையெழுத்துப் போட்ட தாள்களை எண்ணிக் கட்டத் தொடங்கினேன்.